ரிக்கார்டோ கணக்கில் விட்டுப்போன வரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஆலையை வேறு நாட்டுக்கு மாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக மனசு அதிலேயே நிற்கிறது. “பொருள் மலிவாகும், நாட்டுக்கு லாபம் என்று படித்தோமே, அது பொய்யா?” என்று கேட்டிருக்கிறாய்.

பொய் இல்லை. ஆனால் அது பாதிதான்.

பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817இல் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் திராட்சை மது செய்யட்டும், மாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம். அந்தக் கணக்கில் மூலதனம் சொந்த நாட்டைவிட்டு அவ்வளவு எளிதில் நகராது. அதை அவரே எழுதியிருக்கிறார். ஆலையே பெயர்ந்து போனால் கணக்கின் அடிப்படையே மாறிவிடுகிறது. இருபது வருடம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவள் நான். அந்த ஒரு வரியை ஒருநாளும் அழுத்திச் சொன்னதில்லை. இப்போது உறுத்துகிறது.

வேலை போனவர்கள் வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார்கள் என்றும் சொல்லிக்கொடுத்தோம். அமெரிக்காவில் 2000இல் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் உற்பத்தித் துறையில் இருந்தார்கள். 2010 தொடக்கத்தில் ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம் பேர்தான். இயந்திரமயமும் 2008 நெருக்கடியும் அதில் சேர்ந்திருக்கின்றன, எல்லாவற்றையும் இறக்குமதியின் தலையில் போட முடியாது. ஆனாலும் 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு போட்டி இறுகிய ஊர்களை ஆட்டர், டார்ன், ஹான்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்து பார்த்தார்கள். மக்கள் அவ்வளவாக இடம் பெயரவே இல்லை. பத்து வருடம் கழித்தும் அந்த ஊர்களில் வேலையும் கூலியும் தேறவில்லை. ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குவோர் கூடினார்கள், கல்யாணங்கள் குறைந்தன. மலிவு விலையின் லாபம் நாடு முழுக்கச் சில்லறையாகச் சிதறுகிறது. நஷ்டம் மட்டும் ஒரே ஊரின் மேல் மொத்தமாக விழுகிறது. லாபம் பார்த்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்யலாம் என்று பாடத்தில் எழுதிவைத்தோம். நிஜத்தில் கிடைத்தது மிகவும் குறைவு.

ஆலைகள் போன இடத்தில் பல கோடிப் பேருக்கு வறுமை நீங்கியது, அதை நான் மறுக்கவே மாட்டேன். அங்கே வேலை கிடைத்த பெண்ணின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆலை மட்டும் தனியாகப் போவதில்லை. அதற்கு அச்சு வெட்டிக்கொடுத்த பட்டறை, உதிரிபாகம் தந்தவர், பழுது பார்த்தவர், இவர்களிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த பையன்கள் என்று எல்லாம் கலைந்துவிடும். வடிவமைப்பை நாம் வைத்துக்கொள்ளலாம், செய்வதை மட்டும் அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். செய்கிற கைதான் அடுத்த பொருளைக் கண்டுபிடிக்கிறது, மல்லிகா. 1990இல் உலகத்தின் மின்னணுச் சிப் உற்பத்தித் திறனில் 37 சதவீதம் அமெரிக்காவில் இருந்தது. 2020 வாக்கில் அது 12 சதவீதம். சிப் துறையைத் திரும்பக் கொண்டுவர 2022இல் 5,200 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பணத்தை ஒதுக்கிவிடலாம். பத்து வருட அனுபவமுள்ள ஆளை எங்கிருந்து ஒதுக்குவது?

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். இழப்பீட்டுக் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். ஆலையின் மற்ற ஆட்களோடு சேர்ந்தே பேசட்டும். அப்புறம், அவருக்கு எந்த இயந்திரத்தில் எத்தனை வருட அனுபவம் என்று எனக்கு விவரமாக எழுதச் சொல். என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் தொழிற்சாலை நிர்வாகத்தில் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.

பேத்தி இந்த வருடம் எந்த வகுப்பு? சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
வசந்தா