நீதிபதி படத்தைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692-ல் நடந்த சூனியக்காரி வழக்குகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். கட்டுரை அப்பாவிப் பெண்களுக்காகக் கண்ணீர் விடுகிறது. மேலே இருக்கும் படமோ, கொக்கி மூக்கும் மருவுமாகத் துடைப்பத்தில் பறக்கும் கிழவி! தூக்கில் போட்ட பிறகும் அவர்களை விடமாட்டீர்களா? அதிலும் துடைப்பம். எங்கள் வீட்டில் அதைத் தொடுகிற ஒரே ஆள் நான். கூட்டி முடித்தால் இடுப்பே நிமிர மாட்டேன் என்கிறது, பறப்பதாவது!

ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயதுப் பாட்டியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றுதான் சொன்னார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டாட்டன் மறுபடி யோசிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். காது மந்தம், பதில் வரவில்லை. தீர்ப்பு மாறியது, ஜூலை 19-ல் தூக்கு. என் மாமியாரிடம் 'சாப்ட்டீங்களா அத்தை' என்றால் 'கரண்ட் எப்ப போச்சு' என்பார். அந்த ஊரில் அவர் கதி என்ன ஆகியிருக்கும்! 'ஆமாம் சாமி, நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். இல்லவே இல்லை என்று சாதித்த 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கில் தொங்கினார்கள்.

'எங்கோ, படிப்பறிவில்லாதவர்கள் செய்த மூடத்தனம்' என்று எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. ஸ்டாட்டன் ஹார்வர்டில் படித்தவர். வழக்குகளை நியாயப்படுத்தி 1693-ல் புத்தகமே போட்ட பாதிரியார் காட்டன் மேதரும் ஹார்வர்டுதான். இதே மேதர் 1718-ல் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கேட்டு யாருக்குக் கடிதம் எழுதினார்? எலிஹு யேலுக்கு. சென்னை ஆளுநராக இருந்தபோது, 1690-ல், எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கினாரே, அவருக்கேதான். (பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை ஊரை வளைத்தார்கள். குண்டு உப்பலவாடி அந்தக் கணக்கில் வந்த பெயர்.) கடலூர்க்காரிக்கு இது எங்கோ நடந்த கதையா?

சேலம் இருக்கும் மாசசூசெட்ஸின் ஆளுநர் ஃபிப்ஸின் மனைவி பெயரும் சூனியக்காரி என்று அடிபட்டது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அய்யா, அக்டோபரில் அந்த நீதிமன்றத்தையே கலைத்துவிட்டார். எவ்வளவு சுறுசுறுப்பு!

அடுத்த முறை கிழவியை விட்டுவிட்டு ஸ்டாட்டன் படத்தைப் போடுங்கள். அவரை வரைந்த ஓவியம் இருக்கிறது. மூக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்