விசையின் எடையை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தற்காப்புக்காக உடையினுள் மறைத்து எடுத்துச் செல்லும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அளவு, எடை, தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் கொள்ளளவு ஆகியவை பற்றி அது சொன்னவற்றில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால், சுடுவதற்காக விரலால் இழுக்கும் விசையைப் (trigger) பற்றி ஒரே பத்தியில், இழுவை எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ரீசெட் (சுட்டபின் விசை அடுத்த சுடலுக்குத் தயாராகும் தூரம்) எவ்வளவு குறுகியதோ அவ்வளவு வேகம் என்ற பொருள்பட எழுதி முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை. போட்டியில் சுடுபவருக்கு அந்த அறிவுரை ஓரளவு பொருந்தும். தோட்டா நிரம்பிய துப்பாக்கியை நாள் முழுவதும் இடுப்பில் வைத்திருந்து, ஒருமுறைகூடச் சுட நேராமல் இரவில் கழற்றி வைப்பவருக்கு அது பொருந்தாது. துப்பாக்கிச் சுடுதலைக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில், உரிமம் பெற்று முதன்முறையாக வாங்க இருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

விசையின் இழுவை எடை என்று விளம்பரங்களில் அச்சிடப்படும் எண், விசையை இழுக்கும்போது விரல் கொடுக்க வேண்டியிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டுமே குறிக்கிறது. அந்த உச்சம் எந்த இடத்தில் வருகிறது, அதற்கு முன் விரல் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, எடை படிப்படியாக ஏறுகிறதா அல்லது ஒரேயடியாகத் தட்டுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இழுவையை அளக்கும் கொக்கி மாட்டிய அளவுகோலில் இரண்டு துப்பாக்கிகளும் இரண்டரைக் கிலோ என்று காட்டலாம். ஒன்றில் விரல் பன்னிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்த பிறகு சுடும், மற்றொன்றில் மூன்று மில்லிமீட்டரிலேயே சுட்டுவிடும். போதாக்குறைக்கு, அச்சில் சுழலும் விசைகளில் அளவுகோலின் கொக்கியை நுனிக்கு அருகில் மாட்டினால் எண் குறைந்தும், மேலே மாட்டினால் கூடியும் காட்டும். ஆகவே, இரு நிறுவனங்கள் வெளியிடும் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதால் அதிகம் தெரிந்துவிடாது.

விரல் உணரும் பயணத்தில் சில கட்டங்கள் உண்டு. முதலில் பெரிய எதிர்ப்பின்றி நகரும் தூரம். அடுத்து, எதிர்ப்பு தெளிவாகக் கூடும் இடம், இதைச் சுடுபவர்கள் ஆங்கிலத்தில் ‘வால்’ (wall, சுவர்) என்கிறார்கள். அதையும் கடந்து, உள்ளிருக்கும் பிடி விடுபடும் கணமான ‘பிரேக்’. அதன் பிறகும் விசை பின்னோக்கி நகரும் சிறு தூரம். கடைசியாக, விரலைத் தளர்த்தும்போது அடுத்த சுடலுக்கு விசை தயாராகும் ‘ரீசெட்’. கடையில் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் பிரேக்கை மட்டுமே கவனிக்கிறார். கண்ணாடிக் குச்சி முறிவதைப் போல் ‘டக்’கென்று விடுபட்டால் மனம் அதிலேயே லயித்துவிடுகிறது. மறைத்து எடுத்துச் செல்பவருக்கு முக்கியமானதோ அதற்கு முன்னால் உள்ள தூரம்.

ஏன் என்பதற்கு இயங்கு முறைகளைப் பார்க்க வேண்டும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் துப்பாக்கியில் விசை சுழல்வதில்லை. நேராகப் பின்னோக்கிச் சறுக்குகிறது. தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் முன்பே பின்னிழுக்கப்பட்டு நிற்பதால் விசை செய்ய வேண்டிய வேலை அதை விடுவிப்பது மட்டும்தான். அதனால்தான் அதன் இழுவை இன்றும் பலருக்கு இலக்கணமாக இருக்கிறது. தவறுதலாகச் சுட்டுவிடாமல் இருக்க, அதனால்தான் அதில் கட்டைவிரல் பூட்டும் கைப்பிடிப் பூட்டும் இருக்கின்றன. 1929-இல் வந்த வால்தர் பிபி பரவலாக்கிய முறை வேறு. முதல் சுடலுக்கு விசையே சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்கும்; இதையே இரட்டை இயக்கம் என்கிறார்கள். அடுத்தடுத்த சுடல்களுக்கு, சுடும்போது பின்னால் சென்று திரும்பும் மேற்பகுதியான ஸ்லைடு சுத்தியலைப் பின்னிழுத்துவிடும். பெரெட்டா 92 போன்ற துப்பாக்கிகளில் அந்த முதல் இழுவை ஐந்து கிலோவைத் தாண்டி நீளமாக இருக்கும். இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு. இந்த மாற்றத்துக்குப் பழகுவது கடினம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். பழகும் பொறுமை உள்ளவர்களுக்கு அந்த நீண்ட முதல் இழுவை ஒரு காப்பு என்பதே என் கருத்து.

1982-இல் ஆஸ்திரியாவில் அறிமுகமான கிளாக் 17 இரண்டுக்கும் இடைப்பட்ட வழியை எடுத்தது. அதில் வெளிச்சுத்தியல் இல்லை; தோட்டாவின் அடியைத் தட்டும், சுருள்வில் பொருத்திய ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓரளவு இழுக்கப்பட்டு நிற்கும், மீதியை விசை முடித்து விடுவிக்கும். ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை, பன்னிரண்டரை மில்லிமீட்டர் பயணம், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான இழுவை. சற்றுப் பஞ்சுத்தன்மையாக இருப்பதாக அதைக் குறை சொல்பவர்கள் உண்டு, குறை உண்மைதான். பின்னர் வந்த வால்தர் பிபிக்யூ, சிக் சாவர் பி320 போன்றவற்றில் ஸ்ட்ரைக்கர் முழுமையாகவே இழுக்கப்பட்டு நிற்பதால், விசை அதை விடுவிக்க மட்டும் செய்கிறது. கடை மேசையில் அவை கிளாக்கைவிட மிருதுவாகவும் தெளிவாகவும் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், கோல்ட் துப்பாக்கியில் அந்த நிலைக்குத் துணையாக இருந்த கட்டைவிரல் பூட்டு இவற்றில் பலவற்றில் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விசையின் எடை என்றால் இழுவை எடை மட்டுமல்ல என்பதற்கு ஒரு சான்றும் இருக்கிறது. குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் பி320 தானாகச் சுடக்கூடும் என்று தெரியவந்தபோது, 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் அறிவித்த மேம்பாட்டில் விசையின் பொருண்மையைக் குறைத்தது. கனமான விசைத் துண்டு, விழும் அதிர்ச்சியில் தன் உந்தத்தாலேயே பின்னோக்கி நகரக்கூடும் என்பதே காரணம். இழுவையின் எடையும் விசைத் துண்டின் எடையும் வேறு வேறு. வாங்குபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

மறைத்து எடுத்துச் செல்பவருக்கு மிகவும் ஆபத்தான கணங்களில் ஒன்று, துப்பாக்கியை மீண்டும் உறைக்குள் செருகும் கணம். சட்டையின் விளிம்போ, மேலாடையின் இழுகயிறோ, நொய்ந்து மடிந்த தோலுறையின் ஓரமோ விசை வளையத்துக்குள் புகுந்துவிட்டால், கை கீழ்நோக்கி அழுத்தும் வேகத்தில் விசை இழுபடும். குறுகிய, இலேசான விசை அந்தத் துணி மடிப்பை மன்னிப்பதில்லை. நீண்ட இழுவையுள்ள விசையில், ஏதோ தடுக்கிறது என்று கை உணர்ந்து நிறுத்த ஒரு வாய்ப்பு மிஞ்சுகிறது. வெளிச்சுத்தியல் உள்ள இரட்டை இயக்கத் துப்பாக்கியில், சுத்தியல் இறக்கப்பட்ட நிலையில் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உறையில் செருகினால், விசை நகரத் தொடங்கியதுமே சுத்தியல் எழுவது விரலுக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே பழைய வகையைக் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள்.

அதற்காக, கனமான விசைதான் பாதுகாப்பு என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. நியூயார்க் நகரக் காவல்துறை நெடுங்காலம் தன் துப்பாக்கிகளில் சுமார் பன்னிரண்டு பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட இழுவையை வலியுறுத்தியது. அத்துறையின் சுடுதல் பயிற்சியை 2008-இல் ஆராய்ந்த ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், அந்த எடை குறிதவறுதலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதி, இலேசான விசைகளைச் சோதித்துப் பார்க்கப் பரிந்துரைத்தது. மேலும், ஒரு கை இறுகும்போது மறு கையும் தன்னறியாமல் இறுகுவது, நிலைதடுமாறுவது, திடுக்கிடுவது ஆகிய மூன்று சூழல்களில் விரல் தானாகச் சுருங்கக்கூடும் என்று உடலியங்கியல் அறிஞர் ரோஜர் எனோகா விளக்கியிருக்கிறார். அப்படிச் சுருங்கும் விரலை எடை ஒன்றே தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. சுட முடிவெடுக்கும்வரை விரலை விசை வளையத்துக்கு வெளியே வைத்திருக்கும் பழக்கத்துக்கும், வளையத்தை முழுவதும் மூடும் விறைப்பான உறைக்கும் எந்த விசையும் மாற்றாகாது.

சிறிய துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மறைத்து வைப்பதற்கென்று வரும் மெல்லிய துப்பாக்கிகள் பல, தோட்டா இல்லாமல் அரைக் கிலோவை ஒட்டியே எடை கொண்டவை. இரண்டரைக் கிலோ இழுவை அவற்றின் எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதே இழுவை ஒரு கிலோவைத் தாண்டும் எஃகுத் துப்பாக்கியில் மிருதுவாகத் தோன்றும். சிறியதில், குறிபார்க்கக் குழலின் முன்முனையில் உள்ள முன்குறியை ஒரு பக்கமாக இழுத்துவிடும். ஆகவே, பெரிய துப்பாக்கியில் பிடித்துப்போன விசை, அதே நிறுவனத்தின் குறுவடிவத்திலும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கைப்பிடியின் சுற்றளவும் இதில் சேரும். விரல் எட்டாதவர் விசையை நுனியால் தள்ளுவார். எட்டி மிஞ்சுபவர் மூட்டால் இழுப்பார். இருவருக்கும் ஒரே விசை வெவ்வேறு விசையாகத் தெரியும்.

கட்டுரை பெரிதாகப் போற்றிய குறுகிய ரீசெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேகமாகச் சுடும்போது ரீசெட்டின் சொடுக்கைத் தேடி விரலை நிறுத்துபவர்கள் குறைவு. தேர்ந்த போட்டியாளர்கள் பலருடைய விரல் விசையை விட்டே முன்னால் வந்துவிடுகிறது. மெதுவாகச் சுடும்போது இன்பமாக உணரப்படும் ஒன்று, அவ்வளவே.

எப்படி ஒப்பிடுவது என்பதுதான் வாசகருக்குப் பயன்படும். கடைக்காரரின் அனுமதியோடு, மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, பாதுகாப்பான திசையில் நீட்டிய பிறகே விசையைத் தொட வேண்டும். ஒருமுறை இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இழுத்த விரலை அப்படியே வைத்துக்கொண்டு மறு கையால் ஸ்லைடை இழுத்து விட்டு, விரலை மெல்லத் தளர்த்தி ரீசெட் எங்கே வருகிறது என்று உணர வேண்டும். இரட்டை இயக்கத் துப்பாக்கியானால் சுத்தியலை இறக்கிவிட்டு நீண்ட இழுவையைப் பலமுறை பார்க்க வேண்டும். இரண்டாவது இழுவையை மட்டும் சுவைத்துவிட்டு வாங்குபவர்கள் ஏராளம். கண்ணை முன்குறியில் நிறுத்தி, பிரேக் கணத்தில் அது எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனிப்பது எந்த அளவுகோலையும்விட நேர்மையான பதிலைத் தரும். வலிமை குறைந்த கையால் மட்டும் பிடித்து இழுத்துப் பார்ப்பதும் அவசியம். வாய்ப்பிருந்தால், வாடகைத் துப்பாக்கியால் சுடுதல் களத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்; உறையிலிருந்து எடுத்துச் சுடும் முதல் தோட்டா எங்கே படுகிறது என்பதற்கே மதிப்பெண் தர வேண்டும், பொறுமையாகச் சுட்ட பத்தாவது தோட்டாவுக்கு அல்ல.

வாங்கிய பின் விசையை இலேசாக்கும் மாற்றுப் பாகங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரைக்கரின் சுருள்வில்லை வலுக்குறைந்ததாக மாற்றினால் இழுவை குறையும். கூடவே தோட்டாவின் அடியில் விழும் அடியும் குறைந்து, சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகலாம். போட்டியில் அதனால் சில நொடிகள் போகும். தற்காப்பில் நிலைமை வேறு. முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு, இரண்டரைக் கிலோவை ஒட்டிய இழுவையும், விரலுக்குத் தெளிவாகத் தெரியும் முன்பயணமும் உள்ள துப்பாக்கியை நிறுவனம் தந்த பாகங்களோடு வைத்துப் பழகுமாறே நான் சொல்வேன்.

இனி இத்தகைய கட்டுரைகளில் துப்பாக்கிகளை ஒப்பிடும்போது, இழுவை எடையோடு விசையின் பயணத் தூரத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பிட்டு, அளவுகோலை விசையின் எந்த இடத்தில் மாட்டி அளந்தார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
துப்பாக்கிச் சுடுதல் பயிற்றுநர்