மென்பொருள் காப்புரிமை (பேட்டன்ட்) இல்லை என்று எப்படி எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செல்போன் விலை பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது: "இந்தியாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, ஆகவே நம் கம்பெனிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை." போகிற போக்கில் எழுதிய வரிதான். ஆனால் மைக்ரோமேக்ஸ், இன்டெக்ஸ், லாவா என்ற நம் கைபேசிக் கம்பெனிகள் எல்லாம், ஸ்வீடன் நிறுவனமான எரிக்ஸன் தொடுத்த காப்புரிமை வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்காக எதற்காக நின்றன? விவரம் தெரிந்த உங்கள் கண்ணில் இது படாமல் அச்சேறியதுதான் மனதை உறுத்துகிறது.

காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(கே) கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் (கணக்கிடும் படிமுறை) ஆகியவற்றை விலக்குகிறது. 2004 டிசம்பர் அவசரச் சட்டம், தொழிலில் பயன்படும் நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் கதவைத் திறக்கப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. இவ்வளவும் கட்டுரையாளர் சொன்னதற்குச் சாதகம்தான். அவர் பார்க்காதது விண்ணப்பம் எழுதப்படும் விதத்தை. "இந்த அல்காரிதம் என்னுடையது" என்று யாரும் எழுதுவதில்லை. "நினைவகமும் குறியாக்கியும் கொண்ட கைபேசியில் பேச்சைக் குறியாக்கும் முறை" என்று எழுதுவார்கள்; நிரல் ஒரு கருவியின் பகுதிபோல ஆகிவிடும். புதிய வன்பொருள் இருந்தால்தான் ஏற்க வேண்டும் என்று காப்புரிமை அலுவலகம் 2016 பிப்ரவரியில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2017 ஜூனில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அதைப் பற்றி எந்தப் பத்திரிகை பேசியது?

ஏ.எம்.ஆர். என்ற பேச்சுக் குறியாக்கத்தையே, அதாவது குரலை எண்களாகச் சுருக்கி அனுப்பும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் குரலை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டிலும் 160 மாதிரிகள் (குரலின் அளவீடுகள்). அதை விநாடிக்கு 12.2 கிலோபிட் வேகத்தில் 244 பிட்டாகச் சுருக்கும். சிக்னல் மோசமானால் படிப்படியாக இறங்கி 4.75 கிலோபிட்டில் 95 பிட்டுக்கு வந்து, மிச்சமாகும் இடத்தைப் பிழைதிருத்தத்துக்குக் கொடுக்கும். முழுக்க முழுக்கக் கணக்கு. சாதாரண சிப்பில் ஓடும் நிரல். எரிக்ஸன் இங்கே தொடுத்த வழக்குகளில் இதன் மீதான காப்புரிமைகளும் இருந்தன.

"வேறு முறையில் எழுதிக்கொள்ளலாமே" என்று கேட்பார்கள். மற்ற தொழிலில் அது முடியும், இங்கே முடியாது. 3ஜி குரல் அழைப்புக்கு ஏ.எம்.ஆர். கட்டாயத் தரநிலை, அதாவது எல்லோரும் பின்பற்றியாக வேண்டிய பொது முறை. இதைவிடச் சிறந்த ஒன்றை நீங்கள் எழுதினாலும் நெட்வொர்க்குக்குப் புரியாது, அழைப்பு போகாது. போட்டி செத்துப்போகும் இடம் இதுதான். "என் காப்புரிமை இந்தத் தரநிலைக்கு இன்றியமையாதது" என்று அறிவிப்பதும் உரிமையாளரேதான். ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி அதைச் சரிபார்ப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். 2013 மார்ச்சில் எரிக்ஸன் வழக்கில் மைக்ரோமேக்ஸ் கட்ட வேண்டிய இடைக்காலத் தொகை கைபேசி விலையில் 1.25 சதவீதம், ஜிபிஆர்எஸ் என்ற இணைய வசதி இருந்தால் 1.75, அதைவிட வேகமான எட்ஜ் இருந்தால் 2. காப்புரிமை செல்லுமா என்ற விசாரணை முடியும் முன்பே இது. சிப்பின் விலையில் அல்ல, முழுப் போனின் விலையில். 100 ரூபாய் போனுக்கு 1.25 ரூபாய் என்றால், அதே நுட்பத்துக்கு 1,000 ரூபாய் போனில் 12.50 ரூபாய் ஆகிறதே என்று, தொழிற்போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2013 நவம்பரிலேயே சுட்டிக்காட்டியது. நல்ல கேமரா வைத்தாலும் குறியாக்கத்துக்கான ராயல்டி (உரிமைத் தொகை) ஏறும். இது ஒருவர் கேட்பது மட்டுமே. 4ஜிக்குத் தாங்கள் கேட்கப்போவதாக அறிவித்த விகிதம் சிப் கம்பெனியான குவால்காமுக்கு 3.25 சதவீதம், எரிக்ஸனுக்கும் நோக்கியாவுக்கும் ஏறத்தாழ 1.5. பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் காப்புரிமையை மாற்றிக்கொண்டு கணக்கை நேர் செய்துகொள்ளும். மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத புதியவர் எல்லோருக்கும் முழுதாகக் கட்ட வேண்டும். பக்கத்துக் கம்பெனி எவ்வளவு கட்டுகிறது என்று கேட்டால் ரகசிய ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். தரநிலையில் சேரும்போது உரிமையாளர் தரும் பாரபட்சமற்ற விலை என்ற வாக்குறுதியை அப்புறம் எதை வைத்துச் சரிபார்ப்பது?

2014 டிசம்பரில் எரிக்ஸன் வழக்கில் ஷாவ்மிக்கு, அதன் தரப்பைக் கேட்காமலே டெல்லி உயர் நீதிமன்றத்தின் விற்பனைத் தடை வந்தது. சில நாளில், குவால்காம் சிப் உள்ள போனை மட்டும் தலைக்கு 100 ரூபாய் கட்டிவிட்டு விற்கலாம் என்று தளர்த்தினார்கள். மீடியாடெக் சிப் போட்ட மலிவு மாடல்களுக்கு அந்தச் சலுகை இல்லை. லாவா வழக்கு 2015இல் தொடங்கி 2024 மார்ச்சில் தீர்ப்பானது: எட்டுக் காப்புரிமையில் ஏழு செல்லும், ஒன்று செல்லாது, இழப்பீடு 244 கோடி ரூபாய். அந்த ஒன்று செல்லாது என்று தெரியவே ஒன்பது வருடம்.

முறையிடப் போட்டி ஆணையம் இருக்கிறதே என்றால், அதற்கு இதில் அதிகாரம் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் சொல்லிவிட்டது. ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. காப்புரிமைச் சட்டத்திலேயே கட்டாய உரிமத்துக்கு (உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அரசு தரும் அனுமதிக்கு) வழி உண்டு என்பது பதில். அந்த வழியில் இதுவரை கிடைத்தது ஒரே ஒரு உரிமம், 2012இல், ஒரு புற்றுநோய் மருந்துக்கு. ஒவ்வொரு காப்புரிமைக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு செல்போனுக்குள் இருப்பவை ஆயிரக்கணக்கில்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காப்புரிமையை இந்தியாவில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று உரிமையாளர் ஆண்டுதோறும் தரும் படிவம் 27இல், உரிமம் பெற்றவர்களின் விவரமும் கேட்கப்பட்டது. 2020இல் அதை எடுத்தார்கள். 2024இல் படிவத்தையே மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். சிறு கம்பெனி எட்டிப்பார்க்க இருந்த ஒரே ஜன்னல் அது. உங்கள் இதழில் இரண்டு முறையும் ஒரு வரிகூட வரவில்லை. புது மாடல் போன் வந்தால் மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள்.

நான் கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பிரிவு 3(கே)யை முழுதாக அச்சிடுங்கள். வெளியான விண்ணப்பத்தை, காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் பிரிவு 25(1)இன் கீழ் படிவம் 7ஏ கொடுத்து எதிர்க்கலாம் என்பதையும், 2024 முதல் அதற்குக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழங்கிய பிறகு ஒரு வருடம்தான் அவகாசம், அதுவும் நேரடித் தொடர்புள்ளவர்களுக்கு மட்டும். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்பு மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்