வரைபடம் முடியும்வரை நிலத்தைச் சமன் செய்யாதீர்கள்

சமுதாயத் தோட்டங்களை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் உள்ளாட்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து பயிரிட ஒரு மனை ஒதுக்கப்பட்டதும் பெரும்பாலும் முதலில் வந்து இறங்குவது மண் அள்ளும் இயந்திரம்தான். மேடு பள்ளம் நிரவப்படுகிறது. பழைய வரப்பு உடைகிறது, ஓரத்துப் புதரும் போய்விடுகிறது. வட்டாரத்தின் நில மரபை, அதாவது அங்குள்ளவர்கள் மண்ணையும் நீரையும் கையாண்டுவந்த முறையைத் தழுவிய வடிவமைப்பு அதற்குப் பிறகுதான் வரையப்படுகிறது. ஆனால் அந்த மரபு உயிரோடு இருந்தது உடைத்த வரப்பில்தானே?

கனரக வண்டி ஏறியிறங்கிய மண்ணில் நுண்துளைகள் நசுங்கிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். வளமான மேல்மண் அடியில் புதையும். பிறகு வெளியிலிருந்து மண், குழாய்ப் பாசனம், உரம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நிலம் இலவசமாகச் செய்துவந்த வேலைக்குத் தோட்டக்காரர்கள் ஆண்டுதோறும் காசு கொடுக்க வேண்டியதாகிறது.

மரபு எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் 'சாய்' எனும் நடவுக் குழிகளைப் பாருங்கள். 1980களில் யாக்குபா சவடோகோ என்ற உழவர் தம் முன்னோர் தோண்டிய குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, கோடையிலேயே அவற்றில் எரு போட்டு வைத்தார். எருவைத் தேடிக் கறையான் வரும், கல்லாய் இறுகிய தரையைத் துளைக்கும். முதல் மழை அந்தத் துளைகள் வழியே இறங்கும். தானியத்தோடு மரங்களும் முளைத்தன, தரிசு காடானது. 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. மெக்சிகோவின் சோச்சிமில்கோவிலோ தண்ணீர்ப் பக்கம் நிலைமை நேர்மாறு. அங்கே ஆழமில்லாத ஏரியில் சேற்றை அள்ளிப் போட்டுப் பாத்திகளை உயர்த்தினார்கள், கரை சரியாமலிருக்க ஓரத்தில் வில்லோ மரங்களை நட்டார்கள். அதை யுனெஸ்கோ 1987இல் உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்த்தது. இரண்டையும் அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. உங்கள் மனையில் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே போகிறது என்ற கேள்விக்கு அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் என்ன விடை கண்டார்கள் என்று தேடச் சொல்கிறேன்.

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு நீளக் கழிகளை உச்சியில் கட்டி, நடுவே குறுக்குக் கழி வைத்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் போதும். நூல் குறுக்குக் கழியின் நடுக் கோட்டில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். ஒவ்வொரு அடியாகத் திருப்பி வைத்து முளை அடித்துக்கொண்டே போங்கள், சம உயரக் கோடு தரையிலேயே தெரியும். பாத்தியும் நடைபாதையும் அந்தக் கோட்டைத் தழுவி வளையட்டும். மழை பெய்யும்போது குடையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். பழைய நில அளவை வரைபடங்களைப் புரட்டுங்கள், அந்தப் பக்கம் உழுதவர்களையும் மாடு மேய்த்தவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

சுவர் வேண்டுமென்றால் சாந்து பூசாத கல்கட்டு கட்டுங்கள். இடுக்கு வழியே நீர் வடியும், பல்லியும் தேனீயும் குடியேறும். செடி விஷயத்தில் மட்டும் நான் கெடுபிடி காட்டமாட்டேன். ஓரங்களில் மண்ணுக்குரிய புதரும் புல்லும் இருக்கட்டும். பாத்தியில் அவரவர் சமைப்பதை அவரவர் வளர்க்கட்டும். தக்காளியும் மிளகாயும்கூடக் கடல் கடந்து வந்தவைதான்.

பராமரிக்கப்போகிறவர்கள் வரையும்போதே உடனிருக்க வேண்டும். நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டியும் அண்டை வீட்டாரும் குப்பை மண்டிய மனையைத் தங்கள் கையால் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது.

அலுவலர்களே, ஒப்பந்தப்புள்ளியில் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள். ஒரு மழைக்காலம் நிலத்தைக் கவனித்துப் பதிவு செய்த பிறகே வரைபடம் ஏற்கப்படும்; அந்தக் கவனிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு; ஒப்புதலுக்கு முன் கனரக இயந்திரம் மனைக்குள் நுழையக் கூடாது. அடுத்த ஒப்பந்தத்திலேயே இவை இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமுதாயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் ஒருவர்