மனப்பாட ஆங்கிலமும் ஏஐ ஸ்கோரும்: பல்கலைக்கழக செனட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட் உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் இருபது வருடமாக ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம் படிக்கும் பிள்ளைகளை, பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வதுதான் பிழைப்பு. போன மாதம் பழைய மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய அசைன்மெண்டில் 64 விழுக்காடு ஏஐ எழுதியது என்று, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சொல்லிவிட்டதாம். விளக்கம் எதுவும் கேட்காமல் பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

நிறம் பூசிக் காட்டிய வரிகளைப் படித்துப் பார்த்தேன். "ஃபர்தர்மோர்", "இட் இஸ் அன்டினையபள் தட்", "இன் எ நட்ஷெல்"... அத்தனையும் நான் மனப்பாடம் செய்ய வைத்தவை! பத்திக்கு ஒரு கருத்து, ஒரு விளக்கம், ஒரு உதாரணம் என்று அச்சில் வார்த்த மாதிரி எழுதச் சொன்னவளும் நானே. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, ஆங்கிலத்தை மூன்றாவது மொழியாகப் படித்த பிள்ளைக்கு அதுதான் ஊன்றுகோல். அடுத்து வரும் சொல்லைச் சுலபமாக ஊகிக்க முடிந்தால் இந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். மனப்பாட ஆங்கிலத்தில் ஊகிக்க முடியாதது என்ன இருக்கிறது?

2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான டோஃபல் தேர்வுக்கு மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகளை ஏஐ எழுதியவை என்றன அந்தக் கருவிகள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே, துல்லியம் போதவில்லை என்று ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் தன் கருவியை அதே ஆண்டு ஜூலையில் மூடிவிட்டது.

பிள்ளைகள் ஏமாற்றுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. "ஷ்யூர், ஹியர் இஸ் யுவர் எஸ்ஸே" என்ற முதல் வரியைக்கூட அழிக்காமல் எனக்கே வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள்.

நான் கேட்பது இதுதான். ஸ்கோரை மட்டும் வைத்து மதிப்பெண் வெட்டக்கூடாது என்று விதியில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள். இவளுடைய கூகுள் டாக்ஸில் நான்கு நாள் எழுதி அழித்த தடம் அப்படியே இருக்கிறது. இரவு 2 மணிக்கு ஒரு பத்தியை நீக்கியவள், காலையில் அதையே திரும்ப ஒட்டியிருக்கிறாள். யாரும் திறந்து பார்க்கவில்லை.

அப்புறம், எது ஆகும் எது ஆகாது என்பதை அசைன்மெண்ட் தாளிலேயே போடுங்கள். கிராமர்லியில் இலக்கணம் திருத்துவதை ஒரு விரிவுரையாளர் சரி என்கிறார். அடுத்த அறையில் அதுவே குற்றம். ஸ்லைடுகளை ஏஐயில் செய்யும் விரிவுரையாளர்களும் அதைச் சொல்லட்டும்.

அவளுடைய மேல்முறையீடு அடுத்த வாரம். துணைக்கு வர முடியுமா டீச்சர் என்று கேட்டிருக்கிறாள். என் பழைய டியூஷன் நோட்ஸைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
செந்தூல் டியூஷன் டீச்சர்