பனி அள்ளும் வேலையைப் பெரியவர்களிடம் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பனிப்புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் வீதிகளின் நிலையையும் பாடசாலைப் பேருந்துகள் ஓடாததையும் தங்கள் பத்திரிகை தவறாமல் அறியத்தருகிறது. ஆனால் பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் நம் வீட்டு வாசல்களில் நேரும் ஆபத்தைப் பற்றி ரொறன்ரோவின் தமிழ் ஊடகங்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. பனி அள்ளுவதென்றால் நாரிப்பிடிப்புக்கும் (கீழ்முதுகு நோவு) சறுக்கி விழுவதற்கும் மட்டுமே நாம் அஞ்சுகிறோம். உயிரைப் பறிப்பதோ மாரடைப்பு.

கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்து, 2017 இல் கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாகவே காட்டியது. 20 சென்ரிமீற்றர் பனி பொழிந்த மறுநாள், பனி பொழியாத நாளோடு ஒப்பிடுகையில், ஆண்கள் மாரடைப்புடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு 16 சதவீதமும் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தன. பெண்களிடம் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. பனி அள்ளும் சவலைக் (shovel) கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரையான காலத்தை ஆராய்ந்தவர்கள், பனி அள்ளும்போது காயமுற்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நாரியிலேயே பாதிப்பு இருந்ததையும், இதயம் சார்ந்த பாதிப்புகள் 7 சதவீதம் மட்டுமே என்றாலும் இறப்புகள் அனைத்தும் அந்த 7 சதவீதத்துக்குள்ளேயே நிகழ்ந்ததையும் கண்டார்கள்.

இந்த வேலையின் பாரத்தை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கார் நிறுத்தும், 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள வாசலில் 20 சென்ரிமீற்றர் பனி கிடந்தால் அது 6 கன மீற்றர். உலர்ந்த புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 600 கிலோ. ஈரப்பனியானால் அதுவே இரண்டு, மூன்று மடங்காகும். இந்தப் பாரத்தைக் கைகளாலும் தோள்களாலும், பெரும்பாலும் மூச்சை அடக்கியபடி தூக்குகிறோம். கால்களால் செய்யும் வேலையைவிடக் கைகளால் செய்யும் வேலை குருதி அழுத்தத்தை அதிகம் உயர்த்தும். அதே நேரத்தில் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதயத்துக்கு மிகுதியாக இரத்தம் தேவைப்படும் வேளையில் அது வரும் வழி ஒடுங்கிவிடுகிறது.

நம் சமூகத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதலானது. தெற்காசியருக்கு நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. அத்தோடு, பிள்ளைகளின் அழைப்பில் ஊரிலிருந்து வந்து வாழும் அப்பப்பாக்களும் அம்மப்பாக்களும், மகனோ மருமகளோ வேலைக்குப் புறப்படமுன் வாசலைத் துப்புரவாக்கிவிட வேண்டுமென்று விடிய ஐந்து மணிக்கே எழுந்து வெளியே போகிறார்கள். சும்மா இருந்து சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல் அவர்களுக்கு. “அப்பா, நீங்கள் செய்ய வேண்டாம்” என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரவில் இரண்டொரு முறை இளையவர்கள் தள்ளிவிட்டால் காலையில் பெரியவர்களுக்கு அங்கே வேலையே இராது. இதய சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்களும் நெஞ்சு நோவுக்கு மருந்தெடுப்பவர்களும் சவலைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உடல்நலம் உள்ளவர்களும் முதலில் வீட்டுக்குள் ஐந்து, பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயோ புகைத்துவிட்டோ மது அருந்திவிட்டோ இந்த வேலையில் இறங்கக் கூடாது. இயன்றவரை பனியைத் தூக்காமல் தள்ளுங்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால் சவலில் பாதியளவு மட்டும் எடுத்து, முழங்காலை மடித்து, பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்து, போடும் இடத்துக்கு நடந்துசென்று போடுங்கள். நின்ற இடத்திலிருந்து இடுப்பைத் திருகித் தோளுக்கு மேலால் எறிவதுதான் நாரியைப் பிடிக்கிறது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, மாநகரசபையின் பனி அகற்றும் வாகனம் போனபின் வாசலின் முனையில் குவிந்து இறுகிக் கிடக்கும் வரம்பு. களைத்துப்போன நேரத்தில், வேலைக்குப் பிந்திவிட்ட பதற்றத்தோடு அதை ஒரேயடியாகப் பெயர்க்க முயல்கிறோம். ஸ்காபரோ உள்ளிட்ட பகுதிகளில் வாகனம் நுழையக்கூடிய இடங்களில் ரொறன்ரோ மாநகரசபையே அதை அகற்றுகிறது என்பதால் சற்றுப் பொறுத்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு இறுகினாலோ, நோவு கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிரிலும் வியர்த்தாலோ, அதை வாயுப்பிடிப்பு என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருப்பவர்கள் நம்மிடையே பலர். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சுமுட்டலும் களைப்பும் மட்டும் வரலாம். உடனே வேலையை விட்டு உட்கார்ந்து 911 ஐ அழைக்க வேண்டும்; தாமே காரோட்டி வைத்தியசாலைக்குப் போகக் கூடாது. ஆங்கிலம் தெரியாதவர்கள் தங்கள் மொழி தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

ஒன்ராறியோவில் உயர்பாடசாலை மாணவர்கள் 40 மணிநேர சமூகத் தொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. பாடசாலையின் ஒப்புதலோடு, அயலில் தனித்து வாழும் முதியவர்களின் வாசலைத் துப்புரவு செய்வதற்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம். நம் கோயில்களும் ஊர்ச்சங்கங்களும் இதை ஒழுங்குசெய்ய முன்வர வேண்டும். தங்கள் பத்திரிகை ஆண்டுதோறும் நவம்பரில், முதற்பனி விழுமுன், இந்த விடயங்களையும் முதியோருக்கான உதவிகளைத் தேடித்தரும் 211 என்ற தொலைபேசி எண்ணையும் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுமெனப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்