வெளியேறும் கதவுகள் தீ விபத்து நேரத்தில் தானாகத் திறக்க ஆவன செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
வணிக வளாகம் ஒன்றில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாடகைதாரர்கள்,
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: மேக்னட் லாக் (மின்சாரம் இருக்கும்வரை காந்தத்தால் கதவைப் பிடித்து வைக்கும் பூட்டு) பொருத்திய கதவுகளைத் தீ அலாரத்துடன் இணைக்க உத்தரவிடுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வளாகத்தில் பனியன் தைக்கும் சிறு யூனிட்டுகள் ஏழு இருக்கின்றன. இந்த மனுவை எழுதும் நான் மூன்றாம் மாடியில் 18 பேரை வைத்து பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) ஓட்டுகிறேன். டெய்லர்களும் செக்கிங் வேலைக்கு வருபவர்களும் பெரும்பாலும் பெண்கள். சென்ற ஆண்டு கீழ்த்தளத்தில் திருட்டு நடந்த பிறகு, கட்டட உரிமையாளர் ஒவ்வொரு மாடி வாசலிலும் கைரேகை மிஷினும் மேக்னட் லாக்கும் போட்டார். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. போடச் சொன்னதே நாங்கள்தான். பீஸ் கட்டுகள் காணாமல் போவது நின்றது. முன்பின் தெரியாதவர்கள் மாடியேறி வருவதும் நின்றது.

சிக்கல் வெளியே போவதில்தான். உள்ளே வரும்போது மட்டுமல்ல, வெளியே போகவும் விரல் வைக்க வேண்டும். வேலை நேரத்தில் யார் எத்தனை முறை இறங்குகிறார்கள் என்று கணக்கெடுக்க இந்த ஏற்பாடு. பின்பக்கப் படிக்கட்டின் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி கீழே வாட்ச்மேனிடம்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அயர்ன் டேபிள் பக்கத்தில் சுவிட்ச் போர்டு புகைந்தது. உடனே மெயினை அணைத்தோம். கரண்ட் போனால் மேக்னட் லாக் விட்டுவிடும் என்றுதான் நினைத்திருந்தோம். விடவில்லை. லாக்குக்குத் தனி பேட்டரி இருக்கிறது, மெயின் போனாலும் அது கதவைப் பிடித்தபடியே இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பதற்றத்தில் வியர்த்த விரல்களை மிஷின் ஏற்கவில்லை. வருடக்கணக்கில் துணியிலும் நூலிலும் தேய்ந்த விரல்கள், ரேஷன் கடையிலேயே இரண்டு மூன்று தடவை வைத்துப் பார்க்க வேண்டியவை. நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்தும் கதவு அசையவில்லை. கடைசியில் ஒரு தங்கையின் விரல் பதிந்து கதவு திறந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலடியில் கிடந்த கட்டிங் வேஸ்ட்டில் ஒரு பொறி விழுந்திருந்தால் இந்த மனுவை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. அப்புறம் வந்த டெக்னீஷியன் சொன்னார், சாதாரண லாக்கே 280 கிலோ இழுவை தாங்குமாம்.

எங்கள் தொழிலுக்கு இது புதிய கதை அல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். துணி திருடுபோகாமல் பையைச் சோதித்து அனுப்ப, படிக்கட்டுக் கதவு ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்கும் வெளியேற வழி அடைபட்டிருந்தது ஒரு காரணம். வெளியேறும் கதவை உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி சொல்கிறது. விரல் ரேகையும் ஒரு சாவிதானே?

உரிமையாளரிடம் பேசினோம். "அலாரம் அடித்தால் கதவு திறக்கும் என்றால், திருடன் அலாரத்தை அடித்துவிட்டு வருவான்" என்றார். நியாயமான பயம்தான். ஆனால் அலாரம் அடித்தால் வாட்ச்மேன் உட்பட கட்டடமே விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு திருடுபவன் கெட்டிக்காரன்தான்.

எனவே தாங்கள் நேரில் ஆய்வு செய்து, தீ அலாரம் அடித்ததும் பேட்டரி உட்பட லாக்குக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும்படி ரிலே (மின்சாரத்தைத் தானாக வெட்டும் சுவிட்ச்) இணைப்பு கொடுக்க உரிமையாளருக்கு உத்தரவிட வேண்டுகிறோம். இதற்குப் பெரிய செலவில்லை என்கிறார் அதே டெக்னீஷியன். உள்பக்கம் விரல் மிஷினுக்குப் பதிலாக அழுத்தினால் திறக்கும் சுவிட்சும், அதுவும் பழுதானால் உடைத்துத் திறக்கும் பச்சைப் பெட்டியும் வேண்டும். அந்த சுவிட்ச் மிஷின் வழியாகப் போகாமல், லாக்கின் மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும். மிஷினே தொங்கிப்போனால் என்ன செய்வது? பின்பக்கக் கதவின் சங்கிலியை எடுத்துவிட்டு, தள்ளினால் திறந்து சைரன் ஒலிக்கும் கதவு போடச் சொல்லுங்கள். வருகைக் கணக்கை உள்ளே வரும்போது வைக்கும் விரலோடு நிறுத்திக்கொள்ளலாம். வேறு வளாகங்களிலும் இதே லாக்குகளைப் பார்க்கிறோம். கட்டடங்களுக்குத் தங்கள் துறை தரும் தடையின்மைச் சான்றைப் புதுப்பிக்கும்போது, மெயினை அணைத்து அலாரத்தை அடித்து, கதவு திறக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தையும் கொண்டுவர வேண்டுகிறோம்.

ஆய்வுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் நல்லது. சொன்னால் அன்றைக்கு மட்டும் சங்கிலி இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைதாரர்கள்